பஞ்சில் செய்த பனி

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், நர்சரிப் பள்ளிகளில் பஞ்சுக்குக் கிராக்கி வந்துவிடும். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு அப்போதுதான் 'வின்டர் சீசன்' பாடம். நீல நிற சார்ட்டில் பஞ்சை உருட்டி ஒட்டி, கேரட் மூக்கும் சிவப்பு மஃப்ளரும் வரைந்தால் பனி மனிதன் தயார். இரவு எட்டு மணிக்கு ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடுவது அப்பா, ஒட்டுவது அம்மா, 'வெரி குட்' வாங்குவது பிள்ளை. இதற்குப் பெயர் செய்முறைக் கல்வி!

இதில் குழந்தை என்ன கற்றது? பஞ்சு கையில் ஜில்லென்று இருக்காது, உருகாது, தண்ணீராகாது. குளிர்காலப் பாடத்தில் குளிர் மட்டும் இல்லை.

இந்தச் செய்முறை பிறந்த ஊர்களில் அதற்கு அர்த்தம் உண்டு. கனடாவிலோ அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ ஜன்னலுக்கு வெளியே பனி குவிந்து கிடக்கும். ஆசிரியை ஒரு வாளிப் பனியை வகுப்புக்குள் கொண்டுவந்து வைத்து, உருகினால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கேட்பார். வாளி நிறையத்தான் வரும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கடைசியில் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும், அதிலும் தூசி மிதக்கும்! அந்தப் பிள்ளைகள் பஞ்சை ஒட்டும்போது, காலையில் தொட்ட ஒன்றைத்தான் ஒட்டுகிறார்கள். சென்னையிலும் மதுரையிலும் உள்ள பிள்ளைகள் எதை நினைத்து ஒட்டுவார்கள்?

நம் பிள்ளைகளுக்கும் பனி தெரியும். மார்கழிக் காலையில் புல்லில் நடந்தால் கால் நனைவதும் பனிதான், பேருந்தின் கண்ணாடியை மறைப்பதும் பனிதான். முன்பனி, பின்பனி என்று ஆண்டில் நான்கு மாதங்களுக்குப் பெயர் வைத்த மொழி இது. அந்தப் பனியை விட்டுவிட்டுப் பஞ்சைக் காட்டி 'இதுதான் பனி' என்றால், தான் பார்த்தது பாடத்தில் சேராது என்று குழந்தை முடிவு செய்துகொள்ளும். வீணாகும் பஞ்சைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

'இங்கே ஏது குளிர்?' என்று கேட்பவர்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்க்கட்டும். ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசில் அது உறையத் தொடங்கும். வகுப்பு ஜன்னலில் ஒரு சின்ன பாட்டிலை வைத்து, தினமும் காலையில் எண்ணெயா கட்டியா என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்லலாம். கோவையில் உறையும் நாளில் தூத்துக்குடியில் உறையாமல் போகலாம். ஊட்டியிலோ பல மாதங்கள் கட்டியாகவே இருக்கும். அதுவும் பாடம்தானே!

அடுத்தது நிழல். பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டால், டிசம்பர் 21 வாக்கில் சென்னையில் உச்சி வேளை நிழல் முக்கால் மீட்டர் நீளம் விழும். ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் அது ஒரு சாணுக்கும் குறைவு. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை, சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டால் போதும்.

வெண்பனியையும் காட்டலாம், தவறில்லை. ஒரு தகர டப்பாவில் நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு போட்டுக் கலக்கினால், சற்று நேரத்தில் டப்பாவின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும். குல்பி வண்டிக்காரர் பானைக்குள் செய்வதும் இந்த வித்தையைத்தான். (டப்பாவை ஆசிரியர்தான் கையாள வேண்டும், உப்புக் கலந்த ஐஸ் பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும்.) உப்புப் போடாத இன்னொரு டப்பாவைப் பக்கத்தில் வைத்தால் அதில் வெறும் நீர்த்துளிகள்தான் இருக்கும். புல்லின் மேல் கண்ட பனிக்கும் ஊட்டியின் உறைபனிக்கும் உள்ள உறவு அப்போது புரியும்.

காகிதத்தில் பனிப்பூ வெட்டும் பழக்கமும் இருக்கிறது. பெரும்பாலும் எட்டு இதழ் வெட்டுகிறார்கள். இயற்கையில் பனிப்பூவுக்கு ஆறுதான்! அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநில விவசாயி வில்சன் பென்ட்லி 1885-ல் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். எப்படியும் காகிதம் வீணாகத்தான் போகிறது, ஆறாக மடித்து வெட்டினால் என்ன?

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு பஞ்சு, சார்ட், பசையைவிடக் குறைவு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது விலை உயர்ந்த கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை, அட்டைகள்தான் முக்கியமாக இருந்தன. கட்டணம் வாங்கும் பள்ளிகளுக்கு ஒரு எண்ணெய்ப் பாட்டில் பெரிய பாரமா?

பனி மனிதன் வேண்டாம் என்பதல்ல. சுவரில் அவரும் இருக்கட்டும். அவருக்குப் பக்கத்திலேயே, எண்ணெய் முதலில் உறைந்த தேதியையும், பனிக்காலம் போய் அது மறுபடி இளகிய தேதியையும் பிள்ளைகள் தங்கள் கையாலேயே எழுத ஓர் இடம் விடலாம்.