ஆறு விநாடி லாபம்

ஆபீஸில் நாலு பேர் டீ குடிக்கக் கூடினால் கண்டிப்பாக ஒரு கேள்வி வரும். ‘வண்டி என்ன மைலேஜ் குடுக்குது?’ அறுபது என்றால் பெருமை. நாற்பது என்றால் துக்கம் விசாரிப்பார்கள். டயரில் காற்றைப் பாரு, சிக்னலில் ஆஃப் பண்ணு என்று ஆளுக்கொரு வைத்தியமும் சொல்வார்கள்.

இதே கேள்வியை வயலோரம் நிற்கும் டீசல் இன்ஜினைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. அது எங்கேயும் போவதில்லையே... நின்ற இடத்திலேயே அல்லவா குடிக்கிறது!

தமிழ்நாட்டில் 1990-லிருந்து விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். ஆனால், இணைப்பு கிடைத்தவருக்குத்தானே இலவசம்? இணைப்புக்காகக் காத்திருப்பவர், வாய்க்காலிலும் வடிகாலிலும் இறைப்பவர் எல்லோருக்கும் டீசல்தான் கதி. 2014 அக்டோபரில் டீசல் விலையை மத்திய அரசு சந்தையின் கையில் விட்டது. 2021-ல் சென்னையில் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டியது.

என் மாமாவுக்கு நாகப்பட்டினம் பக்கம், கடைமடையில் ரெண்டு ஏக்கர். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். லேட்டாக நட்ட சம்பாவுக்கு இந்தத் தேதியெல்லாம் தெரியாது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் காய்ந்தால் அத்தனை மாத உழைப்பும் பதர். அதனால் வடிகாலில் தேங்கிய தண்ணீரை வாடகை இன்ஜின் வைத்து இறைப்பார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. டீசல் மாமா செலவு.

நான் பி.காம். பட்டதாரி. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது; வரவு செலவு பார்க்கத் தெரியும். பார்த்தேன். நூறு ரூபாய்க்கு டீசல் ஊற்றினால், ஏறக்குறைய எழுபது ரூபாயைச் சூடாகவும் புகையாகவும் இன்ஜின் ஊதித் தள்ளிவிடும். அது டீசல் இன்ஜினின் பிறவிக் குணம். மீதி முப்பதில் பாதியைப் பம்ப் விழுங்கும். கையில் நிற்பது பதினைந்து. அதிலும் பங்கு கேட்டு ஃபுட் வால்வு, குழாய், பெண்டு எல்லாம் வரிசையில் நிற்கின்றன!

“மாமா, இந்த டெலிவரி பைப் ஏன் ஆள் உசரத்துக்கு நிக்குது?”

“தண்ணி மேலேர்ந்து ஜம்முனு விழுந்தாத்தான் மாப்ளே பாக்க நல்லா இருக்கும்.”

பத்தடி ஏற்ற வேண்டிய தண்ணீரைப் பதின்மூன்று அடி ஏற்றினால் முப்பது சதவீதம் கூடுதல் வேலை. அழகுக்காகக் கொடுக்கும் வரி!

குழாய் விஷயம் இன்னும் கொடுமை. ஒரே அளவு தண்ணீர் போகும்போது, மூன்று அங்குலக் குழாயை நாலு அங்குலமாக மாற்றினால் உராய்வு ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறையும். துருப்பிடித்த இரும்புக் குழாயைவிட வழவழப்பான பி.வி.சி. தேவலை. கூர்மையான பெண்டு எத்தனை குறைகிறதோ அத்தனை நல்லது. சின்ன ஓட்டை போட்ட ஃபுட் வால்வில் தண்ணீர் இழுப்பது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டப் பந்தயம் ஓடுகிற மாதிரி. 1978-ல் ஆரம்பித்த பி.சி.ஆர்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பு விவசாயிகளுக்குச் சொல்லி வருவதும் இதைத்தான்.

டீசல் குழாயில் சொட்டுகிறதா? ‘ஒரு சொட்டுதானே’ என்று விடாதீர்கள். விநாடிக்கு ஒரு சொட்டு, மில்லிக்கு இருபது சொட்டு என்று வைத்தால், பத்து மணி நேரத்தில் 1.8 லிட்டர் மண்ணுக்குள் போகும். கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார்க்கச் சொல்லுங்கள். அது எரியாத உங்கள் பணம்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் யாரும் மாற்றுவதில்லை? காரணம் இன்ஜினில் இல்லை, கணக்கில் இருக்கிறது. இன்ஜின்காரர் டீசல் வாங்குவதில்லை. மெதுவாக இறைத்தால் அவருக்கு வாடகை நேரம் கூடும். டீசல் வாங்குகிற மாமாவுக்கோ குழாய் சொந்தமில்லை. செலவு ஒருத்தர், முடிவு இன்னொருத்தர். எந்தக் கம்பெனியும் இப்படி நடந்தால் திவால்தான்.

மாமாவும் பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேரும் ஒரு காரியம் செய்தார்கள். நாலு பேரும் பணம் போட்டு, பெரிய ஃபுட் வால்வும் பி.வி.சி. பைப்பும் வாங்கினார்கள். ‘இன்ஜின் உங்களுது, பைப் எங்களுது’ என்று சொல்லிவிட்டார்கள். இன்ஜின்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் மறுக்கவில்லை.

200 லிட்டர் டிரம் முன்பு 30 விநாடியில் நிரம்பும். இப்போது 24.

“ஆறு விநாடிக்கா இவ்ளோ பாடு?” என்றாள் அத்தை.

ஒரு ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த சுமார் இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். பழைய வேகத்தில் 8 மணி 20 நிமிஷம். புது வேகத்தில் 6 மணி 40 நிமிஷம். ரெண்டு ஏக்கருக்கு 3 மணி 20 நிமிஷ டீசலும் வாடகையும் மிச்சம். ஒவ்வொரு தண்ணிக்கும்! அத்தை அதற்கப்புறம் பேசவில்லை. பாயசம் வைத்தாள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பம்ப் தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றதும், டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கிவிடாதீர்கள். அதன் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு. உள்ளே இறங்கிய ஆள் மயங்கி விழ நேரமாகாது. மிச்சம் பிடிக்கிற காசு எதுவும் அந்த உயிருக்கு ஈடாகாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற நண்பர்களே! கரும்பு கடித்த கையோடு ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு போய் டெலிவரி பைப் அடியில் வையுங்கள். வாட்சைப் பார்த்து விநாடியைக் குறித்து அப்பாவிடம் கொடுங்கள். ஜனவரி 28-க்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கும். குழாய் மாற்ற அது போதும்.