எங்கே ‘புட் அப்’?

மும்பை நேர்முகத் தேர்வுகளில் பெயர், படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் வந்துவிடும் கேள்வி: “வேர் ஆர் யூ புட்டிங் அப்?” தாராவித் தமிழ் இளைஞர்களில் பலர் இதற்கு “சயான்” என்றோ “மாட்டுங்கா” என்றோ சொல்லிப் பழகியவர்கள். முழுப் பொய்யும் அல்ல; சயான் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். விண்ணப்பத்தில் உள்ள 400017 என்ற பின்கோடுதான் காட்டிக் கொடுத்துவிடும்.

உண்மையில் தவறு கேள்வியில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘புட் அப்’ என்றால் சில நாள் தங்குவது, அல்லது விருந்தாளியைத் தங்க வைப்பது. நிரந்தரமாகக் குடியிருப்பவரிடம் “வேர் டூ யூ லிவ்?” என்று கேட்டால் போதும். இந்தியாவில்தான் இரண்டும் ஒன்றாகிவிட்டன. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தமிழர்கள் தாராவிக்கு வரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். அவர்களுடைய கொள்ளுப்பேரனிடமும், நேற்று ரயிலில் வந்து இறங்கியவனைக் கேட்பது போலவே கேட்கிறார்கள்.

‘வித்’ சேர்ந்தால் கதையே வேறு. மாமியாரை ‘புட் அப்’ செய்தால் வீட்டில் இடம் கொடுப்பது. மாமியாரை ‘புட் அப் வித்’ என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது. அந்தச் சின்ன ‘வித்’தை விழுங்கிவிட்டுப் பேசுபவர்கள் ஏராளம். ‘ஹிம்’, ‘ஹர்’ போன்றவை நடுவில்தான் வர வேண்டும் என்பதும் கவனிக்க வேண்டியது: “ஐ புட் ஹிம் அப் ஃபார் டூ டேஸ்.” ‘புட் அப் ஹிம்’ என்றால் தப்பு.

செம்பூரில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் யாரையாவது கேட்டால் இன்னொரு அர்த்தம் சொல்வார். “ஃபைலைப் புட் அப் பண்ணு” என்றால் மேலதிகாரியின் பார்வைக்கு வை என்று பொருள். இது இந்திய அலுவலகங்களின் சொத்து. லண்டனில் சொன்னால் ஃபைலை அலமாரியின் மேல் தட்டில் தேடுவார்கள்.

கட்டடம் எழுப்புவதும் ‘புட் அப்’தான். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2023இல் அதானி குழுமத்துக்கு வழங்கப்பட்டது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மற்றவர்களுக்குத் தாராவிக்கு வெளியே. பழைய ரேஷன் கார்டும் மின்சார பில்லும் தேடி டிரங்குப் பெட்டிகளைக் குடைகிறார்கள். கட்டடங்கள் எழும்வரை இத்தனை குடும்பங்களையும் எங்கே ‘புட் அப்’ செய்வது என்று கேட்டால், அங்கே அந்த வினைச்சொல் இலக்கணப்படி மிகச் சரி.