காத்திருக்க முடியாத காசு

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள், பம்பலப்பிட்டியிலுள்ள எமது பணியகத்துக்கு வன்னியிலிருந்து ஒரு கமக்காரர் வந்திருந்தார். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, காலை முழுவதும் காலி வீதியில் ஒரு விலாசத்தைத் தேடி அலைந்து, மதியம் கடந்த பின் களைத்துப்போய் எமது வாங்கில் வந்து அமர்ந்தார். தேடிய விலாசத்தில் பூட்டிய கதவோடு ஒரு மாடி அறைதான் இருந்ததாம். கீழே தேநீர்க் கடை வைத்திருந்தவருக்கு அங்கே ஒரு கம்பனி இருந்ததே தெரியாது.

அவருடைய கதை நீளமானதல்ல. 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமில் இருந்து, மீள்குடியேறி, மூன்று ஏக்கர் வயலை மீண்டும் செய்யத் தொடங்கியவர். உழவுக்கென்று வைத்திருந்த லாண்ட்மாஸ்டரை விற்றும் மகளின் சங்கிலியை அடகு வைத்தும் ஆறு இலட்சம் ரூபாவை ஒரு கைத்தொலைபேசிச் செயலியில் போட்டிருந்தார். முதல் மாதம் நாற்பத்தெட்டாயிரம் ரூபா கைக்கு வந்தது. அதைக் கண்டு தமக்கையும் மைத்துனரும் சேர்ந்தார்கள். மூன்றாம் மாதம் திரையில் பதினொரு இலட்சம் என்று காட்டியது. ஆனால் எடுக்க முடியவில்லை. எடுப்பதானால் முதலில் ஒரு இலட்சம் ரூபா "வரி" கட்ட வேண்டும் என்றார்கள்.

"சுவாமி, முந்தி நாலு மாதம் வயலிலை நிண்டால்தான் காசு. இதிலை ஒவ்வொரு நாளும் ஏறினது. என்ரை கண்ணாலை பாத்தனான்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, வந்த காரியத்தைச் சொன்னார். அந்த ஒரு இலட்சத்தை நான் கடனாகத் தர வேண்டும்.

நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஏழு இலட்சம் போயிருக்கும். ஆனால் அவரைப் பேராசைக்காரர் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பிரசங்கங்களில் நாம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறோம். அது சரியா என்பதை முதலில் சிந்திப்போம்.

பேராசையா, பயமா?

2022இல் இந்நாட்டில் என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வருடத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் நூற்றுக்கு 70 அளவில் இருந்தது. வங்கிப் புத்தகத்தில் ஒழுங்காகச் சேமித்தவனின் காசு புத்தகத்துக்குள்ளேயே கரைந்தது. உரத்தட்டுப்பாட்டினால் வயல் செய்தவனும் நட்டப்பட்டான். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியவர்களும், சம்பூரிலிருந்து 2006இல் வெளியேறியவர்களும், 2009இல் வன்னியில் அனைத்தையும் விட்டு வந்தவர்களும், சேர்த்தது ஒரு நாளில் இல்லாமற் போவதை ஏற்கெனவே கண்டவர்கள். இப்படிப்பட்ட மக்களிடம் "உங்கள் காசு சும்மா கிடக்கிறது, வளரவில்லை" என்று ஒருவன் வந்து சொன்னால், அந்தச் சொல் உள்ளே இறங்கும். அது பேராசையைவிடப் பயத்தைத் தொடும் சொல்.

ஆகவே காசைப் பெருக்க நினைப்பது பாவமல்ல. எந்தக் காசை, யாரிடம், எந்தக் கணக்கில் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மாதம் நூற்றுக்குப் பத்து தருகிறோம் என்று சொல்லுகிறார்கள். அது உண்மையாயின், இன்று போடும் ஒரு இலட்சம் ஒரு வருடத்தில் மூன்று இலட்சத்துக்கு மேலாகும். இரண்டு வருடத்தில் ஒன்பதே முக்கால் இலட்சத்தைத் தாண்டும். ஐந்து வருடத்தில் மூன்று கோடிக்கு மேலாகும். இப்படி ஒரு வழியை அறிந்தவன் வன்னியில் வீடு வீடாக வந்து உங்கள் ஆறு இலட்சத்தைக் கேட்பானா? ஒரு இலட்சத்தை எங்கேயாவது கடன் வாங்கித் தானே போட்டுவிட்டு ஐந்து வருடம் பேசாமல் இருப்பான்.

இன்னொரு கணக்கு. ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். ஐந்து, இருபத்தைந்து, நூற்றிருபத்தைந்து என்று போனால் பத்தாவது படியில் 97 இலட்சம் பேர் வேண்டும். பதினோராவது படியில் 4 கோடி 88 இலட்சம் பேர் வேண்டும். இலங்கையின் சனத்தொகையே அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே கடைசியாகச் சேர்ந்தவர்களின் காசுதான் முதலில் சேர்ந்தவர்களின் "இலாபம்". அந்த நாற்பத்தெட்டாயிரம் ரூபாவும் எந்தச் சந்தையிலும் உழைத்த காசல்ல. அவர் போட்ட ஆறு இலட்சத்திலிருந்தோ, அவரைப் போன்ற இன்னொருவரின் காசிலிருந்தோ கிள்ளிக் கொடுத்தது. தூண்டிலில் புழுவைக் குத்துவது மீனின் பசி தீர்க்கவா?

இது புதுக் கதையுமல்ல. 2008 டிசெம்பரில் கொழும்பில் கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி முறிந்தது. உயர்ந்த வட்டி தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ 9,000 பேரிடம் சுமார் 2,600 கோடி ரூபாவை அது வாங்கியிருந்தது. அங்கே போட்டவர்கள் படிப்பறியாதவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும் வியாபாரிகளும் இருந்தார்கள். 2022இல் ஸ்போர்ட் செயின் என்ற கிரிப்டோத் திட்டத்தில் பலர் இழந்தார்கள். 2023 ஆகஸ்டில் எம்.ரி.எப்.ஈ. என்ற செயலி இலங்கையிலும் பங்களாதேஷிலும் ஒரே நேரத்தில் நின்றது. காசு போனதோடு முடியவில்லை. "வியாபாரத்தில் நட்டம், நீங்களே எமக்குக் கடன்" என்று திரையில் காட்டி, மேலும் காசு கேட்டார்கள். இவ்விரண்டின் பெயரும் ஒன்மக்ஸ் டிடி முதலியவற்றோடு மத்திய வங்கியின் தடைப் பட்டியலில் 2023இல் வந்தது. ஆனால் பட்டியல் வரும்போது பலரின் நகை அடகுக் கடையில் இருந்தது. கள்ளன் போன பின் நாய் குரைத்த கதை.

வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின்படி இத்தகைய கூம்புத் திட்டத்தை நடத்துவது மட்டும் குற்றமல்ல. அதை ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும் குற்றமே. "நான் தமக்கையைச் சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான்" என்று சொல்பவர் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

உண்மையான சந்தை என்றால்?

"அவை கள்ளத் திட்டங்கள், சரி. உண்மையான பிட்கொயின், உண்மையான பங்குச் சந்தை நல்லதுதானே?" என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

2021 நவம்பரில் ஒரு பிட்கொயினின் விலை ஏறத்தாழ 69,000 டொலர். ஒரு வருடம் கழித்து 2022 நவம்பரில் அது 16,000 டொலருக்கும் கீழே போனது. 2024 டிசெம்பரில் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியது. "பார்த்தீர்களா சுவாமி, பொறுத்தவன் வென்றான்" என்பார்கள். உண்மை. பொறுத்தவன் வென்றான். ஆனால் பொறுக்க யாரால் முடிந்தது?

வயிற்றுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வேறு காசு உள்ளவனால் முடிந்தது. நகையை அடகு வைத்து வாங்கியவனுக்கு மாதாமாதம் வட்டி வந்தது. தவணை முடிந்தால் நகை ஏலத்துக்குப் போகும். அவன் 16,000இல் விற்றான். காத்திருக்கக் கூடியவன் அதை வாங்கினான். சந்தையில் பணக்காரனின் பெரிய உபாயம் இரகசியச் சூத்திரம் எதுவுமல்ல, அது காத்திருப்பு. ஏழையிடம் இல்லாத பொருளும் அதுவே. ஆகவே காத்திருக்க முடியாத காசைக் கொண்டு அந்தச் சந்தைக்குப் போகிறவன், தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத வாய்க்காலை நம்பி விதைப்பவன்.

நட்டத்தின் கணக்கையும் அறிந்துகொள்ளுங்கள். நூறு ரூபா ஐம்பதானால் நட்டம் பாதி. ஐம்பது மீண்டும் நூறாவதற்கு இலாபம் பாதி போதாது, இரட்டிப்பாக வேண்டும். கடன் வாங்கிப் பெரிதாக வியாபாரம் செய்யச் சொல்லும் செயலிகளில், விலை சற்று இறங்கினாலே உங்கள் முதல் முழுவதும் போய்விடும். விலை பிறகு ஏறினாலும் அது உங்களுடையதல்ல.

"முதலீட்டாளர் மனநிலை" என்று இன்று கருத்தரங்குகளில் காசு வாங்கிப் படிப்பிக்கிறார்கள். நான் உங்களுக்குச் சொல்லுவேன், அது உங்களிடம் முன்பே இருந்தது. எந்தக் கமக்காரன் விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்டான்? எந்தக் கமக்காரன் மேட்டுக் காணி, பள்ளக் காணி, வீட்டுத் தோட்டம் எல்லாவற்றையும் ஒரே பயிரில் வைத்தான்? மழை தெரியாமல் யார் விதைத்தான்? விதைநெல், சாப்பாட்டு நெல், விற்கும் நெல் என்று மூன்றாகப் பிரிக்கத் தெரிந்த கைகள் உங்களுடையவை. இடப்பெயர்வு எங்கள் காணியை மட்டும் எடுக்கவில்லை. எங்கள் அறிவிலேயே எங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் செய்துவிட்டது. புத்திசாலித்தனம் கொழும்பிலும் கைத்தொலைபேசியிலும்தான் இருக்கிறது என்று எண்ண வைத்துவிட்டது.

எங்கள் பங்கு என்ன?

ஒரு பிழையை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் "சுயதொழில் கருத்தரங்கு" என்று ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். விளக்கேற்றி, செபம் சொல்லி ஆரம்பித்து வைத்துவிட்டு, வேறு வேலை இருந்ததால் நான் போய்விட்டேன். பின்னர்தான் அறிந்தேன், அது ஆள் சேர்க்கும் கூட்டம். "ஃபாதரே வந்து செபம் சொன்னவர்" என்பதே அவர்களுக்குப் பிரசாரமாயிற்று. நட்டப்பட்ட ஒரு தாய் அதை என் முகத்துக்கு நேரே சொன்னார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

தாலந்து உவமையைக்கூட இவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். காசைப் புதைத்தவனை ஆண்டவர் கண்டித்தாராம். அதே இயேசு, கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றும் போதித்தார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. அதை நாங்களும் போதிய அளவு சொல்லவில்லை. வாழ்வாதார உதவி என்று கோழிக்குஞ்சும் தையல் இயந்திரமும் கொடுத்தோம். கணக்குப் பார்க்கக் கற்றுக் கொடுக்கவில்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், 1920களின் இறுதியிலிருந்து மோசஸ் கோடி என்ற குருவானவர் ஏழை மீனவரையும் கமக்காரரையும் சிறு படிப்பு வட்டங்களாகக் கூட்டினார். முதலில் தங்கள் கடனையும் விலைகளையும் தாங்களே படித்தார்கள். அதன் பின்னரே சேமிப்புச் சங்கங்களும் கூட்டுறவுகளும் எழுந்தன. எங்கள் நாட்டிலும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. அவற்றில் தூங்குபவை பல, ஊழல் செய்தவையும் உண்டு. ஆயினும் அங்கே கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். தலைவரின் வீடு எங்கே என்று ஊருக்குத் தெரியும்.

உங்கள் குடும்பத்தில் கையில் காசு வரும்போது, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியதாயினும், நட்டஈடாயினும், அறுவடைக் காசாயினும், நான்கு காரியங்களைச் செய்யுங்கள். முதலில் கடனையும் அடகையும் மீளுங்கள். அடகு வட்டியை நிறுத்துவதே உறுதியான இலாபம். இரண்டாவது, ஒரு போகம் பிழைத்தாலும் சாப்பிடவும் மீண்டும் விதைக்கவும் வேண்டிய காசை எவருக்கும் கொடாது ஒதுக்குங்கள். மூன்றாவது, மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்று விசாரியுங்கள். அனுமதி இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். த பினான்ஸ் கம்பனியும் ஈ.ரி.ஐ. பினான்ஸும் அனுமதி பெற்றிருந்த கம்பனிகளே. 2020இல் அவற்றின் அனுமதி இரத்தானது. வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு ஓர் எல்லை வரையே உண்டு. 2021இல் அந்த எல்லை 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. நான்காவது, கணவன் மனைவி இருவரும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு சதமும் வெளியே போக வேண்டாம்.

நான்காவதை நான் அந்தக் கமக்காரரின் வீட்டிலிருந்துதான் கற்றேன். அன்று பின்னேரம் பஸ்ஸுக்குப் புறப்படும்போது, "விதைநெல்லையும் வித்துப் போட்டியளோ அண்ணை?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடி சொன்னார்: "இல்லைச் சுவாமி. மூண்டு மூடை கிடக்குது. அதை விக்க மனிசி விடேல்லை."

அந்தப் பெரும்போகம் அவர் வாடகை உழவு இயந்திரம் பிடித்து விதைத்தார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருந்தது. இந்த இதழை வாசித்து முடித்ததும், மேலே உள்ள இரண்டு கணக்குகளையும் உங்கள் மாதர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் ஒரு கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். அடுத்த முறை ஒருவர் கைத்தொலைபேசியோடு உங்கள் படலையில் வந்து நிற்கும்போது, அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள்.