பெயரை வைத்து ஊரை எடைபோடாதீர்கள்

கலப்புப் பண்பாடு பெருநகரங்களின் சொத்து, கடலோரச் சிற்றூர்களில் ஏது அது என்று கேட்பவர்கள் தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலைப் பார்க்க வேண்டும்.

1530களில் கிறித்தவம் தழுவிய பரதவர்களின் வழிவந்தோர் இங்கே பெர்னாண்டோ என்று போர்ச்சுக்கீசியப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் அந்நியராகிவிட்டார்களா? வாயைத் திறந்தால் நெல்லைச் சீமைத் தமிழ். மணப்பெண் கழுத்தில் ஏறுவது தாலி. மாதா கோயில் திருவிழா தொடங்குவது கொடியேற்றத்தில்.

இங்கே இருந்தவர்கள் மட்டுமல்ல, வந்தவர்களும் மாறினார்கள். போர்ச்சுக்கீசியரான அன்றீக் அடிகளார் இந்தக் கரையில் தமிழ் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். அவருடைய 16 பக்கத் தமிழ் நூலான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578இல். ஆங்கிலேயர் சென்னையில் கோட்டைக்கு இடம் பெற்றதே 1639இல்தான்!

பக்கத்துக் காயல்பட்டினத்திலோ அரபு எழுத்தில் தமிழ் எழுதும் அர்வி மரபு செழித்திருந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு எந்தப் பெருநகரக் கதையைப் பேசுவது?