‘இன்விக்டஸ்’ திரைப்படம்: மாணவர்க்குக் காட்டலாமா?



‘இன்விக்டஸ்’ திரைப்படத்தைப் பள்ளியில் காட்டலாமா என்று அண்மையில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. கிளிண்ட் ஈஸ்ட்வுட் இயக்கத்தில் 2009இல் வெளிவந்த படம் அது. தென்னாப்பிரிக்க அதிபர் நெல்சன் மண்டேலாவாக மோர்கன் ஃபிரீமனும், ரக்பி அணித்தலைவர் பிரான்சுவா பியேனாராக மேட் டேமனும் நடித்துள்ளனர்.

“மன்னிக்கும் மனத்தை மாணவர்க்கு ஊட்ட இதைவிடச் சிறந்த படம் ஏது?” என்றார் ஒருவர். “ஓர் ஆட்டத்தால் தீரக்கூடிய துன்பமா அது? வெள்ளையரின் குற்றவுணர்வை ஆற்றுவதற்கு எடுத்த கதை” என்றார் மற்றொருவர்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

பச்சைச் சட்டையும் ஸ்பிரிங்பாக் மான் சின்னமும் கருப்பின மக்கள் பலருக்கு இனவொதுக்கல் ஆட்சியின் அடையாளங்களாகவே தெரிந்தன. அவர்கள் எதிரணிக்கே கைதட்டினர். 27 ஆண்டுகள் சிறையிருந்த மண்டேலா, 1995 ஜூன் 24இல் ஜொகானஸ்பர்க் எல்லிஸ் பார்க் அரங்கிற்கு அதே பச்சைச் சட்டையை, பியேனாரின் 6ஆம் எண்ணோடு, அணிந்து வந்தார். கூடுதல் நேர ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா 15-12 என நியூசிலாந்தை வென்றது. இது கற்பனையன்று, வரலாறு. அதிகாரம் கைக்கு வந்த பின்னும் மாற்றாரின் அடையாளத்தைப் பறிக்காமல் மதித்தது பெருந்துணிவு.

ஆயினும், அன்று அவ்வணியில் வெள்ளையரல்லாத ஆட்டக்காரர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. கொடுமைகளுக்கு ஆளானோர் தம் துயரத்தை உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன் எடுத்துரைக்கத் தொடங்கியது 1996இல்தான். கருப்பினத்தவரான சியா கோலிசி அணித்தலைவராக உலகக் கிண்ணத்தை ஏந்துவதற்கு 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. படம் வெற்றிக் களிப்போடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கை அவ்வாறு முடிவதில்லை.

நானும் ஒருமுறை பிழை செய்தேன். ஆறாம் ஆண்டு மாணவர்க்குச் சில காட்சிகளைக் காட்டி, அந்த வெற்றியோடு பாடத்தை முடித்துவிட்டேன். ஒரு மாணவி எழுந்து, “ஐயா, கிண்ணம் வென்ற பிறகு எல்லாருக்கும் ஒரே மாதிரி வீடு கிடைத்ததா?” என்று கேட்டாள். மணி அடித்ததைச் சாக்காக வைத்துத் தப்பித்தேன். அன்று நான் நடத்தத் தவறிய பாடம் அந்தக் கேள்விதான்.

வகுப்பில் சண்டையிட்ட இருவரைக் கைகுலுக்க வைக்கிறோம். பறிக்கப்பட்ட எழுதுகோற்பெட்டி உரியவனிடம் திரும்பியதா என்று எத்தனை முறை பார்க்கிறோம்? பெட்டி திரும்பாத கைகுலுக்கலை நல்லிணக்கம் என்று கற்பித்தால், இழந்த பிள்ளை நம்மை எப்படி நம்புவான்?

ஆகவே, படத்தைக் காட்டுங்கள் என்பதே என் கருத்து. மண்டேலாவின் பெருந்தன்மையைப் பிள்ளைகள் அறியட்டும். ஆனால், நடுவரின் இறுதி ஊதலோடு பாடத்தை நிறுத்திவிடாதீர்கள். “அதன் பிறகு என்ன நடந்தது?” என்று அவர்களைக் கேட்க விடுங்கள். விடை தெரியாவிட்டால், என்னைப்போல் மணியோசைக்குக் காத்திராமல், அவர்களோடு சேர்ந்து தேடுங்கள்.