பித்தளைத் தூளுக்குப் பல் கறை போகாதுங்க!

நகரத்துல இருந்து ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க முன்னெல்லாம் ஆப்பிள், ரொட்டி வாங்கிட்டு வருவாங்க. இப்போ ‘காப்பர் ஃபில்டர்’ வாங்கிட்டு வர்றாங்க. அன்பாத்தான் கொண்டு வர்றாங்க, அதைக் குறை சொல்லலை. ஆனா அந்த டப்பாவை மாட்டிட்டு, “இனி உங்க போர் தண்ணியைத் தைரியமா குடிக்கலாம் சித்தப்பா”ன்னு சொல்லிட்டுப் போறீங்களே, அங்கதான் எனக்குக் கோபம் வருது.

நாங்க இருக்கிறது தருமபுரி மாவட்டம். இங்க தண்ணியில என்ன பிரச்சனைன்னு சின்னப் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தாலே தெரியும். பல்லுல மஞ்சளும் காவியுமா கோடு கோடா கறை. காரணம் ஃபுளோரைடு. பாறையில இருந்து கரைஞ்சு வர்றது. நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசியிலயும் தெரியாது. ஒரு லிட்டர்ல 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அதுக்கு மேல போனா முதல்ல பிள்ளைகளோட பல்லு. பல வருஷம் குடிச்சா எலும்பு, மூட்டு. முதுகு விறைச்சுப் போய்த் திரும்ப முடியாத பெரியவங்களை இந்தப் பக்கம் பார்க்கலாம்.

இப்போ அந்த ஃபில்டருக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். அட்டையில ‘காப்பர் ஜிங்க் டெக்னாலஜி’ன்னு போட்டிருக்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தா என்னங்க? பித்தளை! நம்ம வீட்டு அண்டா, குத்துவிளக்கு. அதைத்தான் பொடியாக்கி டப்பாவுல அடைச்சிருக்காங்க. 1980-களில் அமெரிக்காவுல டான் ஹெஸ்கெட்ங்கிறவர் கண்டுபிடிச்சது. பாதி செம்பு, பாதி துத்தநாகம்.

கேலி பண்ணலை. அது நல்ல பொருள்தான், அதுக்குன்னு ஒரு வேலை இருக்கு. ரெண்டு உலோகமும் ஒட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள இருந்தா சின்ன பேட்டரி மாதிரி ஆகிடுது. துத்தநாகம் எலக்ட்ரானைக் கொடுக்கும். தண்ணியில இருக்கிற குளோரின் அதை வாங்கிக்கிட்டு குளோரைடா மாறிடும். அதாவது சாப்பாட்டு உப்புல இருக்கிற அதே சங்கதி. மருந்து வாடை போயிடும். ஈயம், பாதரசம் மாதிரி கன உலோகங்கள் அந்தப் பொடி மேலயே படிஞ்சிடும். டப்பாவுக்குள்ள கிருமி பெருகாம பார்த்துக்கவும் ஓரளவு உதவும்.

சரி, ஃபுளோரைடு? அது ஏற்கெனவே எலக்ட்ரானை வாங்கி வயிறு நிறைஞ்சு உட்கார்ந்திருக்கு. பந்தியில சாப்பிட்டு எழுந்தவனுக்கு மறுபடி இலை போட்ட மாதிரிதான். பித்தளைப் பொடி எதை நீட்டினாலும் அது திரும்பிப் பார்க்காது. வந்த மாதிரியே அந்தப் பக்கம் போயிடும். உரத்தால வர்ற நைட்ரேட், தண்ணியோட உப்பு, கடினத்தன்மை இதுக்கெல்லாமும் இதை நம்ப முடியாது.

வேடிக்கையைப் பாருங்க. குளோரின் கலந்து வர்றது உங்க மாநகராட்சித் தண்ணி. எங்க போர்ல குளோரின் ஏது? ஆக அந்த ஃபில்டருக்கு வேலை உங்க வீட்டுலதான் இருக்கு, எங்க வீட்டுல இல்லை. நீங்களும் ஒண்ணு கவனிக்கணும். குளோரினை எடுத்த பிறகு அந்தத் தண்ணிக்குக் காவல் கிடையாது. பிடிச்சு நாள் கணக்கா வைக்காதீங்க.

“பாட்டி காலத்துல செம்புக் குடத்துலதானே தண்ணி வெச்சாங்க”ன்னு சிலர் சொல்றாங்க. ராத்திரி முழுக்கச் செம்புல வெச்ச தண்ணியில வயிற்றுப்போக்குக் கிருமிகள் சாகுதுன்னு ஆராய்ச்சியிலயே காட்டியிருக்காங்க. பாட்டி செஞ்சது சரி. ஆனா பாட்டி இறைச்சது திறந்த கிணறு. நாங்க இறைக்கிறது நூத்துக்கணக்கான அடிக்குக் கீழ, பாறை இடுக்குல கிடக்கிற தண்ணி. வியாதி மாறிப்போச்சு, அதே கஷாயத்தைக் கொடுத்தா எப்படி?

அடுத்து அந்த மின்சார வித்தை. போன வருஷம் எங்க தெருவுக்கு ஒரு விற்பனைப் பையன் வந்தான். எங்க தண்ணி ஒரு டம்ளர், அவன் பாட்டில் தண்ணி ஒரு டம்ளர். கம்பி வெச்ச கருவியை ரெண்டுலயும் விட்டு சுவிட்ச் போட்டான். எங்க தண்ணி பச்சையும் பழுப்புமா சேறு மாதிரி ஆச்சு. அவன் தண்ணி தெளிவா நின்னுச்சு. பொம்பளைங்க பயந்தே போயிட்டாங்க. அந்தச் சேறு தண்ணியில இருந்து வரலைங்க. அந்த இரும்புக் கம்பியே கரைஞ்சு துருவா மிதக்குது! உப்பு இருக்கிற தண்ணியில மின்சாரம் பாயும், கம்பி கரையும். உப்பை எடுத்த தண்ணியில பாயாது, அவ்வளவுதான். அவன் டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொன்னேன். பையைக் கட்டிட்டான். உங்க அபார்ட்மெண்டுக்கும் இவன் வருவான், உப்பு டப்பாவைத் தயாரா வெச்சுக்கங்க.

உலோகமே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. பங்களாதேஷ்ல ஆர்சனிக் கலந்த குழாய்க் கிணத்துத் தண்ணிக்கு அபுல் ஹுஸாம்ங்கிற விஞ்ஞானி இரும்புத் துருவலை வெச்சே ஃபில்டர் செஞ்சார். இரும்பு துருப்பிடிக்கும், அந்தத் துரு ஆர்சனிக்கைப் பிடிச்சு வெச்சுக்கும். 2007-ல அதுக்குப் பெரிய பரிசு கிடைச்சுது. நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியர் பிரதீப் குழுவும் இரும்புச் சேர்மத்தை வெச்சுத்தான் ஆர்சனிக்கை எடுக்கிறாங்க. எங்க ஃபுளோரைடுக்கும் உலோக வழி உண்டு. ஆக்டிவேட்டட் அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு குருணை. அது மேல ஃபுளோரைடு ஒட்டிக்கும். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு வேலை. களைக்கொல்லி தெளிச்சுக் காய்ப்புழுவைக் கொல்ல முடியுமா?

ஆனா அலுமினாவுலயும் ஒரு சிக்கல். கொஞ்ச மாசத்துல குருணை நிரம்பிடும். காஸ்டிக் சோடா விட்டுக் கழுவி, அமிலத்தால சரிபண்ணி மறுபடி தயார் பண்ணணும். இல்லைன்னா குருணையை மாத்தணும். நிரம்பினது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. தானமா கொடுத்தவங்க ஃபோட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. கழுவ ஆள் யார்? குருணை வாங்கக் காசு யார்? கேட்டா பதில் இல்லை. செத்துப்போன ஃபில்டர், ஃபில்டரே இல்லாததைவிட மோசம். இல்லாதவன் பயந்து வேற தண்ணி தேடுவான். இருக்கிறவன் நம்பிக் குடிப்பான், குழந்தைக்கும் கொடுப்பான். நிலைச்ச பல்லு உருவாகிறது ஏழெட்டு வயசுக்குள்ள. அப்போ பட்ட கறை எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது. காய்ச்சினாலும் பிரயோஜனம் இல்லை, தண்ணி சுண்டும், ஃபுளோரைடு அப்படியே கிடக்கும்.

ஆர்.ஓ. ஃபுளோரைடை எடுக்கும், மறுக்கலை. ஆனா குடிக்கிற குடத்தைவிடக் கூடுதலா வெளிய கொட்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல வந்தது இந்த மாவட்டத்துக்குப் பெரிய வரம். எங்களுக்கு வேண்டியது அந்தக் குழாயில தினமும் தண்ணி. அது வராத நாள்லதான் பழையபடி போர்.

அதனால நகரத்து நண்பர்களே, ஊருக்கு ஃபில்டர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில்ல எங்க தண்ணியைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துலயே ஆய்வகம் இருக்கு, கட்டணம் கட்டினா சோதிச்சுத் தருவாங்க. சீட்டுல ஃபுளோரைடு எவ்வளவுன்னு பாருங்க. அப்புறம் கடைக்காரர்கிட்ட மூணே கேள்வி. இது எதை எடுக்கும்? எத்தனை லிட்டருக்கு அப்புறம் நிரம்பும்? நிரம்பினதை எப்படித் தெரிஞ்சுக்கிறது? மூணுக்கும் எழுத்துல பதில் கொடுத்தா வாங்குங்க. கொடுக்கலைன்னா அந்தக் காசுக்குப் பழைய மாதிரி ஆப்பிளே வாங்கிட்டு வாங்க, பிள்ளைங்க சாப்பிடட்டும்.