கொல்லை அடுப்புக்குப் புதுக் கோலம்

"பார்பிக்யூ" என்று பிள்ளைகள் ஸ்டைலாகச் சொல்வது வேறொன்றுமில்லை. தணலில் வாட்டிச் சாப்பிடுவதுதான். வெந்நீர் அடுப்புத் தணலில் நம் பாட்டிமார் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் சுட்டுக் கொடுக்கவில்லையா? எங்கள் பெரியவனுக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. "கடையில வண்டி மாதிரி ஒண்ணு விக்கிறாங்கம்மா" என்றான். "கொல்லையில் அடுப்பு இருக்கிறபோது வண்டி எதற்கு? அதையே சீர் செய்தால் போச்சு" என்றேன்.

அந்த அடுப்பு இருந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். தரையோடு தரையாக, கீற்றுச் சார்ப்பின் கீழே, சிமெண்டுப் பூச்சு வெடித்துக் கிடந்தது. அத்தை விடியற்காலையில் அங்கே குனிந்து ஊதித்தான் வெந்நீர் போடுவார்கள். நாலு மாதமாக இருமல். "பனிக்காத்து ஒத்துக்கலை" என்பார்கள். டாக்டரோ, ஸ்டெதாஸ்கோப்பை வைக்கும் முன்பே, "வீட்டில் விறகு அடுப்பா?" என்று கேட்டார். சின்னவளுக்கு ஒன்றரை வயது; எதைக் கண்டாலும் ஓடிப் போய்த் தொடுவாள். ஆகவே முதலில் புகை, அடுத்து குழந்தை, அழகெல்லாம் மூன்றாவது என்று முடிவு செய்தேன்.

இடம்: வேலை தொடங்குமுன் ஒரு வாரம் காலையும் மாலையும் ஊதுவத்தி ஏற்றி வைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். படுக்கையறை ஜன்னல் பக்கம் போனால் அடுப்பைத் தள்ளிப் போடுங்கள். நாங்கள் சுவரிலிருந்து பத்தடி தள்ளினோம். கீற்றை எடுத்துவிட்டு, எட்டடி உயரத்தில் தகரம் போட்டு, நாலு பக்கமும் திறந்தே விட்டோம். அடுப்புக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம். சூட்டில் வெடித்து உடையும். அதன் தூசி நுரையீரலுக்குப் பகை.

கட்டுமானம்: கொத்தனார், "வழவழன்னு டைல்ஸ் ஒட்டிடலாம்மா, பார்க்க ஷோக்கா இருக்கும்" என்றார். வெளிப்பக்கம் எது வேண்டுமானாலும் ஒட்டட்டும். நெருப்புப் படும் உட்பக்கம் கூடாது. சாதாரண சிமெண்டுக் கலவை 300 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். தணலின் சூடோ 600 டிகிரியையும் தாண்டும். உள்ளே ஃபயர் பிரிக்ஸ் எனப்படும் நெருப்புச் செங்கல்லை, அதற்கென்று விற்கும் களிமண் கலவையில் மெல்லிய இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னேன். ஆற்றுக் கல் அழகாக இருக்கிறதென்று உள்ளே பதிக்காதீர்கள். அதனுள் ஈரம் இருந்தால் சூட்டில் பட்டென்று தெறிக்கும்.

உயரம் இரண்டரை அடி வைத்தோம். அத்தைக்கு இடுப்பு வலி இல்லை. ஆனால் குழந்தைக்குக் கை எட்டலாம். அடுப்பை இரண்டு பாகமாகப் பிரித்து, ஒன்றில் அண்டா வைக்கப் புகைபோக்கியும், மற்றதில் தணலுக்கு இரும்புக் கம்பித் தட்டும் அமைத்தோம். தட்டுக்குக் கீழே காற்றுப் போகவும் சாம்பல் எடுக்கவும் ஒரு வாய் அவசியம். காற்று நன்றாகப் போனால் புகை குறையும். மேலே வாட்டுவதற்கு ஜி.ஐ. கம்பி வலை வேண்டாம். அதிகச் சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சிலிருந்து கெட்ட ஆவி கிளம்பும். எவர்சில்வர் வலையே நல்லது. வேலை முடிந்த அன்றே மூட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் உலர விட்டு, பிறகு இரண்டு மூன்று நாள் சிறு தீயாகப் போட்டுப் பழக்குங்கள்.

புகை: 1983-இல் மத்திய அரசு, புகை குறைந்த அடுப்புகளைப் பரப்ப ஒரு தேசியத் திட்டமே தொடங்கியது. ஆனாலும் புகைபோக்கி வைத்தால்கூட விறகுப் புகை புகைதான். அதனால் தினசரி வெந்நீரைக் கேஸுக்கு மாற்றிவிட்டோம். "மட்டையும் பாளையும் வீணாப் போகுதே!" என்று அத்தை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். விசேஷ நாட்களில் அடுப்பு உங்கள் பொறுப்புதான் என்றதும் சமாதானம்! காய்ந்த விறகும் கரியும்தான் போட வேண்டும். பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட், பிளாஸ்டிக் கூடாது. எரியும் தணலில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது.

மழை வந்துவிட்டதென்று கரியடுப்பை வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் தூங்குபவர்களின் உயிரையே குடித்துவிடும்.

குழந்தை: அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குச் செம்மண் கோடு போட்டிருக்கிறேன். "இதுக்கு உள்ளே வரக்கூடாது" என்பது பெரியவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் சட்டம். சின்னவளுக்குச் சட்டம் ஏது? அவளை ஒருவர் இடுப்பில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாம்பல் ஆறிவிட்டது போல் தெரியும், உள்ளே கங்கு இருக்கும். மண் போட்டு மூடினாலும் மணிக்கணக்கில் சுடும்; குழந்தை வெறுங்காலோடு மிதித்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் எப்போதும் இருக்கட்டும்.

தப்பித் தவறிச் சுட்டுவிட்டால், இங்க், பற்பசை, மாவு, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். முகம், கை, மூட்டு இவற்றில் பட்டாலோ, குழந்தையின் உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருந்தாலோ டாக்டரிடம் ஓடுங்கள்.

சமையலுக்கு ஒரு குறிப்பு: ஜுவாலை அடங்கி, கரி மேல் சாம்பல் பூத்த பிறகே வாட்டத் தொடங்குங்கள். கோழியானால் எலும்பு ஓரத்தில் சிவப்பு தெரியாத வரை வேக வேண்டும். கருகிய பாகத்தை வெட்டி எறியுங்கள்.

டைல்ஸ் ஒட்டுவதை அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன். நெருப்புச் செங்கல்லை அப்படித் தள்ளிப் போட முடியாது, பாருங்கள்!